கொழுந்தும் கையெழுத்தும்

இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாக ஒரு வரிசை உண்டு. மலையகம் என்கிற இலங்கை மலைநாட்டின் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களையும் அவர்களுடைய பிள்ளை குட்டிகளையும் எண்ணுவதற்காக 1911-ல் பிரித்த வரிசை. அந்த வருடம் சுமார் 5,31,000 பேர். 1953-ல் 9,74,000. 1971-ல் 11,75,000. அதற்கு அடுத்த கணக்கெடுப்பு 1981: 8,19,000.

பத்து வருடத்தில் மூன்றரை லட்சம் பேரைக் காணோம். அந்தக் காலத்தில் தோட்டங்களில் பட்டினி இருந்தது, 1977-ல் கலவரமும் நடந்தது. ஆனால் இரண்டும் சேர்ந்தாலும் இத்தனை பேரைக் கொன்றுவிடவில்லை. பெரும்பாலானவர்கள் கப்பல் ஏறியிருந்தார்கள். சிலர் கப்பல் ஏறாமலே அந்த வரிசையை விட்டு வெளியே வந்தார்கள். கணக்கெடுக்க வந்தவரிடம் ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.

இப்போது கடலுக்கு இந்தப் பக்கம் நீலகிரி மாவட்டத்தின் கணக்கைப் பாருங்கள். 1961-ல் 4.09 லட்சம், 1971-ல் 4.94 லட்சம், 1981-ல் 6.30 லட்சம். அங்கே இறங்கிய கோடு இங்கே ஏறுகிறது. இரண்டு அரசாங்கங்கள் தனித்தனியாக அச்சடித்த அட்டவணைகள்தான். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கதையின் இரண்டு பாதி என்று தெரிந்துவிடும்.

நான் கோத்தகிரிப் பக்கம் வளர்ந்து, அதே பக்கத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் சொல்லித் தருகிறவன். இடப்பெயர்வுப் பாடம் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம். பாடத்தில் தள்ளு காரணிகள், இழு காரணிகள் என்று இரண்டு பட்டியல் இருக்கும். வறுமை தள்ளும், வேலை இழுக்கும். பையன்கள் ஐந்து மதிப்பெண்ணுக்கு அழகாக எழுதிவிடுவார்கள். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டியலைப் படித்தால், ஒரு குடும்பம் திண்ணையில் உட்கார்ந்து இந்த ஊரா அந்த ஊரா என்று யோசித்து முடிவெடுத்து மூட்டை கட்டியது மாதிரி இருக்கும். நான் பார்த்து வளர்ந்த மலையில் அப்படி நடக்கவில்லை. இங்கே ஆட்களை நகர்த்தியது முதலில் பயிர், அப்புறம் காகிதம். அவரவர் விருப்பம் என்பது இடம் மிச்சம் இருந்தால் வந்து உட்கார்ந்துகொண்டது.

பயிர் என்று சும்மா சொல்லவில்லை. இலங்கை மலைகளில் முதலில் இருந்தது தேயிலை அல்ல, காப்பி. காப்பிக்கு ஆள் கூட்டமாகத் தேவைப்படுவது பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து பெரும்பாலும் ஆண்கள் போனார்கள். மன்னார்ப் பக்கம் படகில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்கள் சீசன் முடிந்ததும் கையில் மிஞ்சியதோடு ஊர் திரும்பினார்கள். போவதும் வருவதுமாக ஓடிய ஓட்டம் அது. வீடும் வயலும் இந்தப் பக்கம், கூலி மட்டும் அந்தப் பக்கம்.

1869-ல் மடுல்சீமைப் பக்கம் காப்பி இலையில் துருப் பிடித்தது மாதிரி ஒரு பூஞ்சை நோய் தெரிந்தது. பதினைந்து இருபது வருடத்தில் இலங்கைக் காப்பியின் கதை முடிந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரையில் 1867-லேயே 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். துரைமார்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலை மூன்று லட்சம் ஏக்கரைத் தாண்டியது.

தேயிலைக்கு சீசன் என்று தனியாக ஒன்று கிடையாது. வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை அதே செடியில் மறுபடி கொழுந்து நிற்கும். விட்டால் முற்றிப்போகும். பறிக்க வருடம் முழுவதும் ஆள் வேண்டும், அதுவும் பெண்கள் வேண்டும் என்று தோட்டங்கள் முடிவு செய்தன. பெண் வந்தால் குடும்பம் வரும். குடும்பம் வந்தால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் வரிசையாகக் கொண்ட லயம் வரும், வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா வரும், மாரியம்மன் கோயில் வரும், சுடுகாடு வரும். ஒரு பூஞ்சை ஒரு பயிரைக் கொன்று இன்னொரு பயிரைக் கொண்டுவந்ததால், போய்வந்துகொண்டிருந்த கூட்டம் அங்கேயே பிறந்து அங்கேயே சாகிற சமூகமாக ஆனது. இதில் எந்தத் தள்ளு காரணி, எந்த இழு காரணி? 1876-78 தாது வருஷப் பஞ்சம் தள்ளியது உண்மை. ஆனால் பஞ்சத்தில் போனவர்கள் பஞ்சம் தீர்ந்ததும் திரும்பியிருக்கலாம். திரும்பாமல் உட்கார வைத்தது கொழுந்து.

உட்கார வைத்ததில் காகிதத்துக்கும் பங்கு உண்டு. ஆள் பிடித்துப் போனவர் கங்காணி. தன் சொந்தபந்தம், தன் சாதிக்காரர்கள், தன் ஊர்க்காரர்கள் என்று திரட்டிக்கொண்டு போவார். வழிச்செலவு எல்லாம் அவர்களுடைய தலையில் கடனாக ஏறும். கடன் தீர்ந்தது என்று தோட்டம் எழுதித் தருகிற சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டு இல்லாதவரை வேறு தோட்டம் சேர்க்காது. கடன் எங்கே தீரும்? 1921-ல் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதற்குள் இரண்டு மூன்று தலைமுறை அந்தச் சீட்டுக்குள் பிறந்து வளர்ந்தாயிற்று. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓட ஆரம்பித்த பிறகு பயணம் சுலபமானது. போகிறவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் நொடி பார்த்து அனுப்புவார்கள். இந்த மண்டபத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

அடுத்த காகிதம் 1948-ல் வந்தது. டொனமூர் சீர்திருத்தத்தால் 1931-ல் இலங்கையில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு கிடைத்தது. தோட்டத்து ஆட்களில் பலருக்கும் கிடைத்தது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் உட்பட அவர்களுடைய பிரதிநிதிகள் நாடாளுமன்றம் போனார்கள். சுதந்திரம் கிடைத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பா இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டு, இல்லையென்றால் அப்பாவைப் பெற்றவருக்கும் முன்னே போய்க் காட்டு என்றது. லயத்தில் பிறந்தவர் எந்தச் சான்றைக் காட்டுவார்? 1949-ல் இன்னொரு சட்டம். 1946 ஜனவரி 1-க்கு முன்னால் விடாமல் வசித்த கணக்கைக் காட்டினால் பதிவு செய்துகொள்ளலாம், கல்யாணமானவருக்கு ஏழு வருடம், ஆகாதவருக்குப் பத்து வருடம். நடுவில் திருவிழாவுக்கோ சாவுக்கோ இந்தியா போய்விட்டு வந்திருந்தால் அதையே காரணமாக்கினார்கள். எட்டு லட்சத்துக்கு மேல் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஒன்றேகால் லட்சத்தைச் சற்றே தாண்டிய பேருக்கு. மற்றவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். ஒரு அடிகூட நகராமல்.

நேரு இருந்தவரை இவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதுதான் இந்தியாவின் பேச்சு. அவர் 1964 மே மாதம் காலமானார். அந்த வருடம் அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று எடுத்துக்கொண்டார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். நான் வகுப்பில் இந்த எண்களைப் பலகையில் எழுதும்போது யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: “சார், எப்படி சார் கரெக்டா ஐயாயிரத்துல முடியுது?” நல்ல கேள்வி. மனிதர்களை எண்ணினால் எண் இப்படி முடியாது. பேரம் பேசினால்தான் இப்படி முடியும். பேரம் பேசப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதும் பின்னால் தெரிந்தது. விண்ணப்பம் வாங்கியபோது இந்தியாவுக்கு என்று எழுதியவர்கள் நான்கு லட்சம் அளவில்தான். அதைவிட மிக அதிகமானவர்கள் இலங்கையையே கேட்டார்கள், அங்கே ஒதுக்கியிருந்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கு.

எங்கள் வீட்டுக்கு மேலே லைன் வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, முப்பது வயதுக்கு மேல் இங்கே வந்தவர். அவருடைய அப்பா இந்தியாவுக்கு எழுதினார், கல்யாணமாகித் தனி அட்டை வாங்கியிருந்த அண்ணன் இலங்கைக்கு எழுதினார். ஏன் பாட்டி அப்படி என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “ரெண்டு பக்கமும் ஒரு காலு இருக்கட்டும்னு நெனச்சாங்க தம்பி. கடல் நடுவுல இருக்குன்னு யாரும் நெனக்கல.” அப்பாவுக்குக் கடவுச்சீட்டு வந்து சேர ஏழெட்டு வருடம் ஆயிற்று. அதற்குள் நிலச் சீர்திருத்தம் வந்து தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1973-74-ல் தோட்டங்களில் மாவு ரேஷன் சுருங்கி மனிதர்கள் பட்டினியில் செத்தார்கள். போவதா வேண்டாமா என்று ஊசலாடிக்கொண்டிருந்த பலரை அந்த வருடம்தான் கிளப்பியது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. காகிதம் யார் போகலாம் என்று தீர்மானித்தது. எப்போது போவது என்பதை வயிறு தீர்மானித்தது.

ஹட்டனில் ரயில் கிளம்பும்போது ஏறியவர்களும் அழுவார்கள், பிளாட்பாரத்தில் நின்றவர்களும் அழுவார்கள். அழுகைக் கோச்சி என்றே அதற்குப் பெயர், கோச்சி என்றால் அங்கே ரயில். தலைமன்னாரிலிருந்து ‘ராமானுஜம்’ கப்பல். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டிருந்ததால் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். சுங்கச் சோதனை முடிந்ததும் மண்டபம் முகாம். தாத்தாக்களை மருந்து தெளித்து அனுப்பிய அதே முகாமில் பேரப்பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையில் இன்ன மாவட்டம், இன்ன திட்டம் என்று எழுதியிருக்கும். தேயிலைத் தோட்டம், நூற்பாலை, விவசாயக் குடியேற்றம், வியாபாரக் கடன். கேரளத்தில் புனலூர், கர்நாடகத்தில் சுள்ளியா என்று ரப்பர் தோட்டங்களுக்கும் கொஞ்சம் பேர் போனார்கள்.

அதிகம் பேருக்கு விழுந்தது வியாபாரக் கடன். ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுத்து, நூறு வருடத்துக்கு முன்னால் பாட்டன் கிளம்பிய மாவட்டத்துக்கு அனுப்பிவைத்தார்கள். கவ்வாத்து வெட்டிச் செடியை ஒதுக்கவும், முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறவும், கொழுந்து பறிக்கவும் தெரிந்தவரிடம் பெட்டிக்கடை வைத்துக்கொள் என்று சொன்னால் என்ன நடக்கும்? தரகர்கள் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள், சொந்தக்காரர்கள் என்று வந்தவர்கள் ஒரு பங்கை. வெயில் வேறு ஆகவில்லை. பாட்டியின் குடும்பத்துக்குத் திருச்சிப் பக்கம் ஒரு கிராமம் எழுதியிருந்தது. அங்கே அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவர்களைத் தெரிந்ததாகச் சொன்னவர்கள் மட்டும் இருந்தார்கள். இரண்டு வருடம் தாக்குப்பிடித்துவிட்டு, மலையில் தேயிலை இருக்கிறதாம் என்று யாரோ சொன்ன ஒரு சொல்லை நம்பி மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ் ஏறிவிட்டார்கள். நீலகிரியின் கோடு செங்குத்தாக ஏறியதற்கு இப்படி இரண்டாவது முறை கிளம்பி வந்தவர்கள்தான் பெரிய காரணம். அரசு அனுப்பிய இடத்துக்கு அரசுத் திட்டப்படி வந்தவர்கள் ஒரு பகுதிதான்.

ராவன்ஸ்டைன் என்ற புள்ளிவிவரக்காரர் 1885-ல் இடப்பெயர்வின் விதிகள் என்று சிலவற்றை எழுதிவைத்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்பது அவற்றில் ஒன்று. எங்கள் பாடத்திலும் உண்டு. இரண்டு பிரதமர்கள் மேசையில் உட்கார்ந்து எதிரோட்டத்துக்கு எண் குறிப்பார்கள் என்று அவர் யோசித்திருக்க மாட்டார். இருந்தாலும் மனிதர் சொன்னது ஒரு விதத்தில் பலித்தது: திருச்சியில் இறக்கிவிட்ட ஆட்கள் கடைசியில் தேயிலையைத் தேடிப் போய்ச் சேர்ந்தார்கள்.

1984-ல் போர் காரணமாகக் கப்பல் நின்றது. அதுவரை இங்கே வந்தவர்கள், பிள்ளைகளையும் சேர்த்து, நாலரை லட்சம் பேர் அளவில் இருப்பார்கள். கையில் இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கேயே மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 2003-ல் இலங்கை கொண்டுவந்த சட்டம்தான் கடைசியாக அவர்கள் பிரச்சினையைத் தீர்த்தது. 1977-லும் 1983-லும் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறி, அங்கே போரில் சிக்கி, அகதிகளாகத் தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்த மலையகக் குடும்பங்கள் வேறு. ஒரே தோட்டத்து ஆட்கள்தான். கப்பலில் வந்தவர் இந்தியர், படகில் வந்தவர் அகதி. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நீலகிரிக்கு வந்தவர்களுக்காக 1968-ல் அரசு தேயிலைத் திட்டம் ஒன்று ஆரம்பித்தது. எழுபதுகளில் அது டேன்டீ என்ற அரசுக் கழகமானது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், கொளப்பள்ளி என்று காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். வெட்டியதும் நட்டதும் வந்தவர்கள்தான். இங்கே ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். அது யாருடைய காடு என்று பணியரிடமோ குறும்பரிடமோ யாரும் கேட்கவில்லை. மலையகத்தாரை ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிய அதே பழக்கம், இந்தப் பக்கம் ஆதிவாசிகளைக் கேட்காமல் நிலம் ஒதுக்கியது. கூடலூரில் பழைய நிலக்கிழார்களான ஜென்மிகளின் நிலச் சிக்கல் இன்றுவரை தீரவில்லை. ஜென்மி உரிமையை ஒழிக்க 1969 சட்டம் வந்தும் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் பல வீடுகளுக்கு மின் இணைப்பு இல்லை. அதில் மலையாளிகளும் இருக்கிறார்கள், சிலோன்காரர்களும் இருக்கிறார்கள். யானை வழித்தடம் என்று பேச்சு வரும்போதெல்லாம் ஆக்கிரமிப்பாளர் பட்டியலில் முதலில் இவர்கள் பெயர்தான் வருகிறது. யானைக்குப் பேசுகிறவர்கள் பலர் எனக்கு நண்பர்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காட்டைத் தேயிலையாக்கச் சொன்ன அரசாணையைப் பற்றி அவர்கள் ஒரு வரி எழுதிவிட்டுப் பிறகு இவர்களைப் பற்றி எழுதினால் தேவலை.

பாட்டியைக் காலையில் வேலைக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். இடது உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரை. வலது கையில் சாயத் தண்ணி, பால் கிடையாது. ஒரு வாய் தேத்தண்ணி, ஒரு நக்குச் சர்க்கரை. தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய தடிமனான ரொட்டி, மிளகாய்ச் சம்பல். பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்தில், பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறுவார். எங்கள் பக்கத் தோட்டங்களில் கத்தரி வந்தபோது அவர் கோபப்பட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கத்தரி என்றால், வெட்டிய இலை விழ ஒரு தட்டோ பையோ கோத்த பெரிய கத்தரிக்கோல். நிறை கூடும், கைக்காசு கூடும். அவருக்கு அது பறிப்பதே இல்லை. “ரெண்டு எல ஒரு மொட்டு, வெரலு பாத்து எடுக்கணும். இது ஆட்டுக்குத் தழ வெட்டுறது” என்பார். படகர் வீட்டுச் சின்னத் தோட்டங்களுக்கு நாள் கூலிக்குப் போனபோதும் கையாலேயே பறித்து, நிறை குறைந்து பேச்சு வாங்குவார். அங்கே ஒரு நாளைக்கு இத்தனை கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர்தான். அரைப் பேர் என்றால் பாதிக் கூலி. அதே கணக்கு, அதே பெயர். கடல் தாண்டியும் மாறாமல் வந்து சேர்ந்த சாமான்களில் அதுவும் ஒன்று.

அவருடைய மகன் தோட்டத்தில் ஓட்டுநர். பேரன்? இங்கேதான் கோடு மறுபடி திரும்புகிறது.

நீலகிரியின் மக்கள்தொகை 2001-ல் 7,62,141. 2011-ல் 7,35,394. தமிழ்நாட்டில் அந்தப் பத்தாண்டில் எண்ணிக்கை குறைந்த ஒரே மாவட்டம் இதுதான். மாநிலம் முழுவதும் 15.6 சதவீதம் கூடியிருக்கிறது, இங்கே மூன்றரை சதவீதம் குறைவு. காரணம் கேட்டால் எல்லோரும் குழந்தை பெறுவது குறைந்துவிட்டது என்பார்கள். உண்மைதான், தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம் 2020 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 1.4. ஆனால் அது எல்லா மாவட்டத்துக்கும் உள்ள கதை. இங்கே மட்டும் எண் கீழே போனதற்குக் கொழுந்து விலையைப் பார்க்க வேண்டும். சோவியத் யூனியன் உடைந்ததும் நீலகிரித் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டம் கண்டது. தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை படுத்துவிட்டது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை நொடித்ததும் அதே காலம். பிள்ளைகள் பத்தாம் வகுப்போ பன்னிரண்டோ முடித்துவிட்டு மலை இறங்கினார்கள். கோயம்புத்தூர், திருப்பூர். பாட்டியின் பேரன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவன் கீழே போனதை நான் சோகமாகச் சொல்லவில்லை. நாலு தலைமுறையில் யாரும் அனுப்பாமல், யாரும் எழுதித் தராமல், தானே முடிவெடுத்து ஊர் மாறியவன் அந்தக் குடும்பத்தில் அவன்தான். நான் திண்ணையில் உட்கார்ந்து யோசித்து என்று மேலே கிண்டலாகச் சொன்னேனே, அந்த ஐந்து மதிப்பெண் விடை கடைசியில் அவனுக்குத்தான் பொருந்துகிறது.

அவனுக்கும் காகிதம் ஒருமுறை குறுக்கே வந்தது. கல்லூரிக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டபோது, தாத்தாவின் பூர்வீக ஊர் எது, அங்கே யார் சாட்சி என்று அலைய விட்டார்கள். மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை, நாலாக மடித்து மடிப்பில் கிழிந்தது, அதைத் தேடி எடுத்துக் கொடுத்த பிறகு சான்றிதழ் வந்தது. அதற்குள் சேர்க்கை முடிந்திருந்தது.

அவன் காலி செய்துவிட்டுப் போன லைன் வரிசையில் இப்போது ஜார்க்கண்ட் குடும்பங்கள் இருக்கின்றன. ஒடிசா, சத்தீஸ்கர், அஸ்ஸாம்காரர்களும் உண்டு. நீலகிரியின் பெரிய தோட்டங்கள் பலவற்றில் கொழுந்து எடுப்பது இன்று அவர்கள்தான். அஸ்ஸாமிலிருந்து வருகிறவர்களில் பலர் அங்கேயே தேயிலைத் தோட்டத்து ஆட்கள். அவர்களுடைய முன்னோரை ஆங்கிலேயர்கள் சோட்டா நாக்பூர் மேட்டிலிருந்து, அதாவது இன்றைய ஜார்க்கண்டிலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக அஸ்ஸாமுக்குக் கொண்டுபோனார்கள். கங்காணி இல்லை, அங்கே அர்க்காட்டி. மற்றபடி அதே கதை. ஜார்க்கண்டில் பழங்குடியாக இருக்கிற முண்டாவும் ஓராவனும் அஸ்ஸாமில் அந்தப் பட்டியலில் இல்லை. ஜார்க்கண்டிலிருந்து நேராக இங்கே வந்தாலும் தமிழ்நாட்டுப் பட்டியலில் அவர்கள் பெயர் கிடையாது. மாநில எல்லையைத் தாண்டியதும் சான்றிதழ் செல்லாக்காசு. பாட்டி இருந்திருந்தால் இந்த ஒரு விஷயத்தை அவர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

என் பள்ளியில் கீழ் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்து, ஆசிரியர் பணியிடம் போய்விடும் என்ற நிலை இருந்தது. காப்பாற்றியது இந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள்தான். வீட்டில் சாத்ரியோ முண்டாரியோ, மைதானத்தில் தமிழ், பாடத்தில் ஆங்கிலம். ஊரில் சிலர் முணுமுணுக்கிறார்கள், நம்ம வேலையைப் பறித்துக்கொண்டார்கள் என்று. யாருடைய வேலை? கத்தரி பிடிக்கத் தன் பிள்ளையை அனுப்புகிற வீடு ஒன்று காட்டுங்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. எழுபதுகளில் சிலோன்காரன் வந்து கூலியைக் குறைத்துவிட்டான் என்று இதே ஊரில் பேசினார்கள், என் அப்பாவும் பேசியிருக்கிறார். அன்று அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த வீடுகளின் வாரிசுகள் சிலரும் இன்று முணுமுணுக்கிற கூட்டத்தில் இருக்கிறார்கள். டேன்டீயிலோ நட்டக் கணக்கு காட்டி, 2022-ல் நிலத்தில் ஒரு பெரும் பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தருவதாக அரசு முடிவெடுத்தது. ஓய்வு பெற்றால் வீட்டையும் விட வேண்டும் என்ற பயம் அங்கே பழையது, இது அதன் மேல் வந்து சேர்ந்தது.

2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து எடுக்கப்போகிறார்கள். எனக்கு அதில் மொத்த எண்ணைவிட வேறு சில கட்டங்களைப் பார்க்க ஆசை. நீலகிரியில் தாய்மொழி வாரியான அட்டவணையில் சாத்ரியும் முண்டாரியும் எத்தனை பேர் என்று. அறுபது வயதுக்கு மேற்பட்டோர் கோத்தகிரி, கூடலூர் வட்டங்களில் எவ்வளவு என்று. அப்புறம் இடம்பெயர்ந்ததற்குக் காரணம் கேட்கும் கேள்வி. போன 2011 கணக்கெடுப்பில் அதற்கு வேலை, வியாபாரம், படிப்பு, திருமணம், பிறந்த பின் மாறியது, குடும்பத்தோடு மாறியது, மற்றவை என்று ஏழு விடைகள் கொடுத்திருந்தார்கள். இலங்கையில் பிறந்து மண்டபம் வழியாக வந்தவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு அதில் எந்தக் குறியீடு போட்டார்கள் என்று, அந்த வருடம் கணக்கெடுக்கப் போன ஆசிரியர்களிடம் விசாரித்தேன். சிலர் ‘வேலை’ போட்டிருக்கிறார்கள், சிலர் ‘குடும்பத்தோடு’. ‘மற்றவை’ போட்ட ஒருவர், மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பி மாற்றி எழுதச் சொன்னார் என்றார். இந்த முறை எனக்கும் கணக்கெடுப்பு வேலை போடுவார்கள். அந்தக் கட்டத்தில் ‘மற்றவை’ என்றுதான் எழுதுவேன். திருப்பி அனுப்பினால் 1964 ஒப்பந்தத்தின் நகலை இணைத்துக் கொடுப்பதாக இருக்கிறேன்.